ஆளில்லாத தீவு

படகில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

அந்தி மஃரிபு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு, முழங்கையில் வழியும் தண்ணீரை முந்தானையில் ஒற்றிக்கொண்டே ஹாலுக்கு வந்த சபிஹா, அதை முதலில் பல்லி எச்சம் என்றுதான் நினைத்தாள். ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். போகவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். மேற்குச் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஒட்டியிருந்த அந்த டைல்ஸ் படத்தில், கடலுக்கு நடுவே மதில் சுற்றிய ஒரு பழைய ஊர். குவிமாடங்கள், நெருக்கியடித்து நிற்கும் மாடி வீடுகள், மூடிய ஜன்னல்கள், தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டு, படிக்கட்டோரம் கட்டிப்போட்ட வெறும் படகுகள். அதில் ஒரு படகில்தான் உளுந்து அளவுக்கு அந்த ஆள் நின்றார். தலை, உடம்பு, தொங்கவிட்ட இரண்டு கைகள். முகத்தில் கண்ணும் வாயும்கூட இருந்தன.

அந்தப் படத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஆள் இல்லை என்பதற்காகவே அதை வாங்கினார்கள்.

தொழும் திசையில் உருவப் படம் வைக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. ஆனால் மேற்குச் சுவரில் ஓதம் ஏறி, எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. டைல்ஸ் ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அவள் கணவன் சிக்கந்தர் கடைக்குப் போய் ஆல்பம் முழுவதையும் புரட்டினான். அருவி என்றால் அதில் மான் நின்றது. தோப்பு என்றால் குடத்தோடு ஒரு பெண் போனாள். ஓடுகிற ஏழு குதிரைகளைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. கடைக்காரர் சலித்துப்போய், "ஆளும் வேணாம், ஆடும் வேணாம்னா வெறும் வெள்ளைக் கல்லை ஒட்டிக்கங்க பாய்" என்று சொல்லிவிட்டார். கடைசியில் கிடைத்தது இந்தத் தீவு. சிக்கந்தர் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தான். ஒரு காக்கா குருவிகூட இல்லை. எந்த நாட்டு ஊர் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, பெட்டியில் 'ஐலண்ட் சிட்டி ப்ளூ' என்று மட்டும்தான் போட்டிருந்தது. அவர்கள் இருக்கும் பேகம்பூரில் குழாயில் தண்ணீர் வந்தாலே பெருநாள் மாதிரி. அப்படிப்பட்ட தெருவில் ஹாலில் கடலை வைத்திருக்கிறவன் என்று சொந்தக்காரர்கள் அவனை ஓட்டித் தள்ளினார்கள். மோட்டார் போட்டு ஒரு குடம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு.

அந்தக் கடலை அவன் ஒரு வருஷம்கூடப் பார்க்கவில்லை. பூட்டுக் கடையைத் திறக்கப் போனவன், ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

சபிஹா இப்போது இத்தாவில் இருக்கிறாள். புருஷனைப் பறிகொடுத்தவள் குறிப்பிட்ட காலம் முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. பலருக்கு அது சிறையாக இருக்கும். அவளுக்கு எதுவாகவும் இல்லை. மையத்தை அடக்கத்துக்கு எடுத்த அன்றைக்கும் அவள் சரியாக அழவில்லை. என்ன பொறுமை, என்ன சபூர் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். பொறுமையுமில்லை, ஒன்றுமில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவளுக்கு உடம்பு முழுக்க. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, பகல் போயிற்று.

மிச்சமிருந்தது ஹுஸ்னா ஒருத்திதான். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள். சேர்ந்த புருவம், கொஞ்சம் தடித்த கீழுதடு, மேடான நெற்றி, எல்லாமே சிக்கந்தர். "அத்தாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்று சொல்லாத வாய் கிடையாது. சுவரில் போட்டோ மாட்டாத வீட்டில் சபிஹாவுக்குக் கணவன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மகளைப் பார்த்தால் போதும். தூங்கும்போது குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த முகமும் இல்லாவிட்டால் தான் எழுந்து நடமாடுவதற்குக் காரணமே இல்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும்.

மறுநாள் காலையில் தூக்குச் சட்டியோடு ருக்ஸார் வந்தாள். சிக்கந்தரின் தங்கை. ரெண்டு தெரு தள்ளி வீடு. இத்தா தொடங்கியதிலிருந்து வெஞ்சனம், பால், மருந்து எல்லாம் அவள் கையால்தான். சபிஹா சுவரைக் காட்டினாள்.

ருக்ஸார் குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது முன்னாடியே இருந்துச்சா மச்சி?"

"இல்ல."

"அண்ணன் பாக்காம விட்டுருக்கும்."

"உங்க அண்ணனா?"

ருக்ஸார் கல்லை மறுபடி தடவிப் பார்த்தாள். சிக்கந்தர் பார்க்காமல் விட மாட்டான் என்பது அவளுக்கும் தெரியும். "சாயம் கீது கெளம்பி வந்திருக்கும். இம்புட்டுண்டு ஆளுக்கு என்ன மச்சி பயம்? மூஞ்சியை மட்டும் சொரண்டி விட்டுருங்க. தலை போச்சுன்னா உருவமில்ல. இத்தா முடியவும் டைல்ஸ் ஒட்டுன ஸ்டீபன்ராஜைக் கூப்ட்டு அந்தக் கல்லை மாத்திருவோம்."

அது ஒன்றும் புதிதல்ல. சபிஹா சின்னப் பிள்ளையிலிருந்து செய்கிற வேலைதான். புதுத் தலையணை உறையில் பொம்மை போட்டிருந்தால் அம்மா முகத்தின் மேல் ஒரு துணியை வைத்துத் தைத்துவிடுவாள். ஹுஸ்னாவின் பள்ளிக்கூடப் பையிலிருந்த கரடிக்கும் மார்க்கர் வைத்து முகத்தை அழித்தது சபிஹாதான். கை தானாகச் செய்கிற காரியம்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு, காய் நறுக்குகிற சின்னக் கத்தியை எடுத்து வந்தாள். டைல்ஸ் மேல் கத்தி வழுக்கும், கீச்சென்று பல் கூசும் என்று எதிர்பார்த்துத் தாடையை இறுக்கிக்கொண்டாள். கத்தி வழுக்கவில்லை. ஊறிப்போன சோப்புக் கட்டியைச் சுரண்டுகிற மாதிரி அவ்வளவு சுளுவாக இறங்கியது. கண் போயிற்று, வாய் போயிற்று, நெற்றி போயிற்று. வெள்ளைத் தூள் அவள் ஆள்காட்டி விரலில் ஒட்டியது. ஐஸ் பெட்டிக்குள் கை விட்ட மாதிரி சில்லென்று ஒரு குளிர் நகத்துக்கு அடியில் நுழைந்தது. விரலை முந்தானையில் துடைத்தாள்.

"அவங்களுக்கு வலிக்காதாம்மா?" என்றாள் பின்னால் நின்ற ஹுஸ்னா.

"கல்லுக்கு வலிக்குமா? போய் வீட்டுப்பாடத்தை எழுது."

அன்று ராத்திரி சோறு பிசையும்போதுதான் அந்த விரலில் சூடு தெரியவில்லை என்று கவனித்தாள்.

விடிந்ததும் படகு இடம் மாறியிருந்தது. படிக்கட்டை விட்டு விலகி, தண்ணீருக்கு நடுவே இந்தப் பக்கமாக வந்திருந்தது. ஆள் இப்போது கட்டைவிரல் உயரம். முகம் இருந்த இடத்தில் அவள் கத்தி போட்ட கோடுகளோடு வெள்ளையாக ஒரு தழும்பு, அதுவும் கூடவே வளர்ந்திருந்தது. பின்னால் மற்ற படகுகளிலும் ஆட்கள் ஏறி நின்றார்கள், புள்ளி புள்ளியாக. அவர்களில் ஒருவருக்கும் முகம் இல்லை. அவர்களை அவள் சுரண்டவே இல்லை.

சபிஹா நின்று பார்த்தாள். அலற வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அலறல் எங்கேயோ அடுத்த வீட்டில் இருக்கிற பொருள் மாதிரி தூரத்தில் இருந்தது. மூச்சுக்கூட மாறவில்லை. அவள் கவனித்ததெல்லாம் அந்த ஆளின் தோளைத்தான். இடது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. வருஷக்கணக்கில் பூட்டுப் பெட்டிகளைச் சுமந்து இறங்கிப்போன தோள். வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போது அந்தத் தோளைத்தான் அவள் முதலில் பார்ப்பாள்.

யார் முகத்தைச் சுரண்டினோம் என்று அப்போது தெரிந்தது.

படுக்கையறைக்குப் போய் செல்போனை எடுத்தாள். பெருநாள் அன்று சிக்கந்தரை எடுத்த படத்தைத் திறந்தாள். புதுச் சட்டை, மடியில் ஹுஸ்னா, கையில் பிரியாணித் தட்டு. கழுத்துக்கு மேலே வெள்ளையாக இருந்தது. கத்திக் கோடுகள் தெரிந்தன. அடுத்த படம். அதற்கடுத்தது. கொடைக்கானல், கல்யாண மண்டபம், கடைத் திறப்பு விழா, எல்லாவற்றிலும் அவன் உடம்பு மட்டும் இருந்தது. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். அவன் குரல் வந்தது. நடை வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெண்மை வந்து நின்றது.

அடுப்படிக்கு ஓடிப்போய் ஹுஸ்னாவின் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். புருவம் இருந்தது. உதடு இருந்தது. தோசை மென்றுகொண்டிருந்தது. சபிஹா அந்த முகத்தை வெகு நேரம் விடவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அந்தச் சுவர்கிட்டப் போகாத."

"அத்தா வாராங்கம்மா" என்றாள் ஹுஸ்னா, வாயில் தோசையோடு. "கண்ணு இல்லைல்ல, அதான் மெதுவா வாராங்க."

ருக்ஸார் வந்து சுவரைப் பார்த்தாள். அன்று அவள் கிட்டே போகவில்லை. வாசற்படியிலேயே நின்று எதையோ ஓதினாள். பிறகு இரண்டு பேருமாக ஜன்னல் கம்பிக்கும் கதவு நாதாங்கிக்கும் கயிறு கட்டி, இரட்டைக் கட்டில் போர்வையைத் தொங்கவிட்டு படத்தை மறைத்தார்கள். ருக்ஸார் போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டாள்.  சபிஹாவின் விரல் ஐந்துமே கயிற்றை உணரவில்லை, முடிச்சைக் கண்ணால் பார்த்துத்தான் போட்டாள்.

"இங்க இருக்க வேணாம் மச்சி. உசுருக்குப் பயம்னா இத்தாவுல வீடு மாறலாம், தப்பில்ல. பள்ளிவாசல் ஹஜ்ரத்துட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, ஆட்டோ சொல்லிட்டு வாரேன். துணிமணிய எடுத்து வைங்க."

"இப்பவே கூட்டிட்டுப் போயேன்."

"செத்த நேரம் மச்சி. இத்தாவுல இருக்கவங்களைக் கேக்காம கொள்ளாமத் தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. மஃரிபுக்குள்ள வந்துர்றேன்."

சபிஹா தலையாட்டினாள். கத்தியிருக்க வேண்டும். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ருக்ஸாருக்கு முன்னாலேயே வாசல் இறங்கியிருக்க வேண்டும். பயந்தவள் அப்படித்தான் செய்வாள். அவளுக்கோ சரி, சாயங்காலம்தானே என்று இருந்தது.

பகல் முழுக்க ஹுஸ்னாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் படுக்கையறையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு துணி மடித்தாள். வெளியே வெயில் காய்ந்தது. தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவனின் ஸ்பீக்கர் கத்திக்கொண்டே போனது, எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது, எங்கேயோ ரயில் கூவியது. இந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், நெடுநேரம் கவனித்த பிறகுதான் பிடிபடுகிற மாதிரி, இன்னொரு சத்தம் ஹாலிலிருந்து வந்தது. மரத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம். தட்டும், விடும், மறுபடி தட்டும். வாசனையும் வந்தது. ஒரு முறை நாகூர் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தில் அடித்த அதே உப்பு வாடை, அதற்குள் வேறு ஏதோ ஒன்று கெட்டுப்போன வாடை. அஸர் தொழுகை நேரம் கழிந்து வெயில் இறங்கும்போது எட்டிப் பார்த்தாள். போர்வை தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை நனைந்து கறுத்திருந்தது. ஈரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நனைந்த துணி சுவரோடு ஒட்டிய இடத்தில் ஒரு தலையின் வடிவம் புடைத்து நின்றது. பெரிய ஆளின் தலை. துணி அதில் வழவழவென்று படிந்திருந்தது. மூக்கு மேடு எதுவும் இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டாள். ருக்ஸாருக்கு போன் போட்டாள்.

"ஆட்டோ ஏறிட்டேன் மச்சி. ரவுண்டானாக்கிட்ட நிக்கிது, ஒரே வண்டிக் கூட்டம். வந்துர்றேன்."

பையின் ஜிப்பை இழுத்தாள். ஜிப் கையில் பிடிபடவில்லை. மணிக்கட்டு வரை கை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். மூடியது. நிமிர்ந்தாள்.

கரண்ட் போயிற்று.

மின்விசிறி சுற்றி ஓய்கிற சத்தம். தெருவே அடங்கியது. மஃரிப் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, ஆனால் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்ததால் அறைக்குள் கண் தெரியவில்லை.

"ஹுஸ்னா, அம்மா கையப் பிடிச்சுக்க."

பதில் இல்லை.

முழங்கையால் கட்டிலைத் துழாவினாள். தலையணை. துணிப்பை. கட்டில் சட்டம். கதவு திறந்திருந்தது.

ஹாலில் ஏதோ சொத்தென்று விழுந்தது. நனைந்த போர்வை.

"ஹுஸ்னா."

"இங்கதாம்மா இருக்கேன்." குரல் ஹாலிலிருந்து வந்தது. கெஞ்சலும் இல்லை, பயமும் இல்லை. விளையாடும்போது பேசுகிற குரல். "அத்தாவுக்கு மூஞ்சி வேணுமாம்மா. என்னோடது அவங்களோடது மாதிரியே இருக்குல்ல. செத்த நேரம் குடுக்கவா?"

"வேண்டாம். வேண்டாம்டி. வா இங்க."

ஓடினாள். கால் தண்ணீரில் பட்டது. குளிர். வழுக்கியது. கையை நீட்டிக்கொண்டே போனாள். கை எதில் பட்டாலும் தெரியாது. மார்பு பிள்ளையின் தலையில் முட்டியது. அப்படியே வாரி எடுத்தாள். நெஞ்சோடு அணைத்தாள். பின்னாலேயே நகர்ந்து அடுப்படிச் சுவரில் முதுகு மோதிச் சரிந்து உட்கார்ந்தாள். கிடைத்துவிட்டது. என் பிள்ளை. என்கிட்ட இருக்கு. இருக்கு.

பிள்ளை பேசவில்லை.

கன்னத்தைத் தலையில் வைத்துத் தேய்த்தாள். ஈர முடி. இரட்டைப் பின்னல். காது இருந்தது. விரலால் நெற்றிக்கு வந்தாள். ஒன்றும் தெரியவில்லை. விரல்தான் மரத்துக் கிடக்கிறதே. விரலால்தான். மறுபடி தடவினாள். எதிலும் தடுக்காமல் வழுக்கியது. விரல்தான் காரணம், வேறொன்றுமில்லை. இப்படியே சொல்லிக்கொண்டாள். குனிந்தாள். உதட்டில் உணர்ச்சி இருந்தது. நெற்றியில் முத்தம் வைத்தாள்.

சில்லென்றிருந்தது. உதட்டில் தூள் ஒட்டியது.

உதட்டை இறக்கினாள். புருவம் இருக்கும் இடம். இல்லை. இன்னும் கீழே. மூக்கு. இல்லை. மூச்சுக் காற்றும் இல்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "மச்சி, கதவைத் தொறங்க" என்று ருக்ஸார் தட்டினாள். அதோடு பாங்கும் தொடங்கியது. கரண்ட் வந்தது.

சபிஹா மடியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். தீவு தூரத்தில் சின்னதாகப் போயிருந்தது, அதன் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. படகு டைல்ஸின் கீழ் ஓரத்தில் வந்து முட்டி நின்றது. இடது தோள் இறங்கிய, சுவர் உயரத்துக்கு ஒரு ஆள். அந்தப் பெரிய உடம்பின் மேல், கழுத்துக்குப் பொருந்தாமல் சின்னதாக, சேர்ந்த புருவமும் தடித்த கீழுதடுமாக ஹுஸ்னாவின் முகம். அது நீலமாக இல்லை. மாநிறமாக இருந்தது. கண் சிமிட்டியது. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்த சந்தோஷத்தில் சிரித்தது. அவனுக்குப் பின்னால் மற்ற படகுகள் வந்துகொண்டிருந்தன, நெருக்கமாக, முகமில்லாத ஆட்கள் நிறைந்து.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய்த் திறக்க வேண்டும் என்று சபிஹாவுக்குத் தெரிந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள்.

மடியில் இருந்தது மெல்ல அசைந்தது. இரண்டு சின்னக் கைகள் மேலே வந்து, அவள் தாடையைக் கண்டுபிடித்து, உதட்டையும் மூக்கையும் இமைகளையும் ஒவ்வொன்றாக, பொறுமையாக, தடவிப் பார்க்க ஆரம்பித்தன. தொட்ட இடமெல்லாம் மரத்துக்கொண்டே வந்தது.